நீரைத் தேடிச் செல்லும் உலா

பாலை என்றவுடன் மணற்குன்றும் ஒட்டகமும் நம் மனக்கண்முன் தோன்றுவது பிற்காலத்துப் பழக்கம். சிலப்பதிகாரம் பாடிய இளங்கோவடிகள், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வெம்மையால் திரிந்தபோது கொள்ளும் வடிவமே பாலை என்று காட்டினார். அக்கருத்தை அளவுகோலாகக் கொண்டு இன்றைய கேரளத்தின் வரைபடத்தை நோக்குவோமாயின், பசுமைக்கும் மழைக்கும் பெயர் பெற்ற அந்த ராஜ்யத்தின் கிழக்கு விளிம்பில், பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த வடகரப்பதி, ஒழலப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்கள், பங்குனி தொடங்கி வைகாசி முடியும் வரையில் பாலையின் லட்சணங்கள் பலவற்றையும் தாங்கி நிற்பதைக் காண்போம். கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பனைகளின் நிழல் ஓர் ஆளுக்கும் போதாது. ஆறு என்று பெயர் தாங்கிய வரட்டாறும் கோரையாறும் மணல் வழியாகவே தம் போக்கை அறிவித்துக்கொண்டிருக்கும்.

இவ்வறட்சிக்குக் காரணம் எளிது; ஆனால் விசித்திரமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவரில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று தடையின்றிப் பாய்கிறது. அக்காற்றின் மேகம் பெருமழையாவது பெரும்பாலும் மலையில் மோதி மேலே எழும்போதே. இங்கே மோதுவதற்கு மலை இல்லை. ஆகவே தெற்கே ஆனைமலையும் நெல்லியாம்பதியும் வெள்ளத்தில் மூழ்கும் அதே மாதங்களில், இவ்வூர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் காற்றும் தூறலுமே. கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் என்பர். அதில் பாதியையேனும் இக்கிழக்கு எல்லை எட்டுவது அரிது. அதனாலேயே கேரளத்தில் வேறெங்கும் காண்பதற்கரிய கரிசல் நிலமும், நிலக்கடலையும் பருத்தியும் சோளமும் விளையும் புன்செயும், அவற்றோடு தமிழ் பேசும் குடிகளின் கொங்கு வழக்கங்களும் இங்கே ஒருங்கே நிலைபெற்றன.

இப்படிப்பட்ட பிரதேசத்தில் வாழும் ஜனங்கள் உல்லாசமாக ஒரு நாளைக் கழிக்க எங்கே போனார்கள், எவ்வாறு போனார்கள் என்று ஆராய்வது அற்பமான விஷயமன்று. ஒரு சமூகம் எதற்காக ஏங்கியது என்பதை அதன் உழைப்பைக் காட்டிலும் அதன் ஓய்வு தெளிவாகச் சொல்லிவிடும். வறண்ட நிலத்து மக்களின் உலா எப்பொழுதும் நீரை நோக்கியே சென்றிருக்கிறது. ராஜஸ்தானத்துப் பாலையில் கார்த்திகை மாதத்துக் கால்நடைச் சந்தை புஷ்கரத்தின் ஏரிக்கரையிலே கூடுகிறது. மழைக்காலத்தின் வருகையைக் கொண்டாடும் தீஜ் பண்டிகையில் அந்நாட்டுப் பெண்கள் ஊஞ்சல் ஆடுகிறார்கள். கொங்கு நாட்டிலும், அதன் தொடர்ச்சியான இவ்வெல்லைப் பகுதியிலும் அதே உணர்ச்சி வேறு பெயர்களில் வழங்கிற்று.

அவற்றுள் முதன்மையானவை நோம்பி எனப்படும் பண்டிகைகள். ஆடி நோம்பிக்கு வேம்பிலும் புளியிலும் தூரி என்னும் ஊஞ்சல் கட்டி ஆடுவதும், பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றங்கரைக்குச் சென்று படையலிடுவதும் கொங்கு மரபு. அம்மியும் பறக்கும் என்று சொல்லப்படும் ஆடிக்காற்று, கணவாயின் வாயிலில் அமைந்த இவ்வூர்களில் மெய்யாகவே அப்பழமொழிக்குரிய வேகத்தோடு வீசும். தம் வயலில் ஈரம் படியாவிட்டாலும், தூரத்து ஆனைமலையில் பெய்த மழை ஆற்றிலே செந்நீராக வருவதைக் கண்டு கும்பிடுவதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கி வைத்த முன்னோரின் உள்ளம் எத்தகைய நன்றியறிவு உடையது! அதுபோன்றே மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வரும் பூப்பறிக்கும் நோம்பி, இளம் பெண்களுக்கென்றே அமைந்த உலா. கட்டுச்சோறும் கச்சாயமும் முறுக்கும் கரும்பும் எடுத்துக்கொண்டு ஊர்ப்பெண்கள் திரளாகக் காட்டுவெளிக்குப் போய், ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்து, கொண்டுவந்த பண்டங்களைப் பகிர்ந்துண்டு, பொழுது சாயும் நேரத்தில் அப்பூக்களை நீரில் விட்டுத் திரும்புவது வழக்கம். வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறும் சுதந்திரம் அரிதாயிருந்த காலத்தில், வருஷத்தில் ஒரு பகல் முழுவதும் பெண்களுக்கே உரியது என்று வழக்கம் விதித்திருந்ததன் அருமையை இக்காலத்தவர் எளிதில் உணர மாட்டார்கள்.

நோம்பிக்கு அடுத்தபடியாக ஆண்களை ஊரை விட்டு வெளியே அழைத்தது சந்தை. கணவாய் வழி மிகப் பழையது; மேலைக் கடற்கரைத் துறைமுகங்களையும் கொங்கு நாட்டையும் இணைத்த அவ்வழியில் சென்ற வாணிகத்தின் சாட்சியாக, கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டு ரோமானிய வெள்ளிக் காசுகளின் புதையல் ஒன்று கிடைத்தது. யவனர் காசு வந்த அதே தடத்தில் பிற்காலத்தில் கால்நடைகள் நடந்தன. பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடுகளை மந்தையாக ஓட்டிக்கொண்டு மேற்கே வாணியங்குளம் சந்தை வரையில் செல்வோர்க்கு அது தொழில். ஆனால் வழியோரத்து ஊரான் ஒருவன் ஒரு ஜோடிக் காளையை விற்கவோ மாற்றவோ பொள்ளாச்சிக்குப் புறப்படும்போது, அவனுடன் மைத்துனனும் அண்டை வீட்டானும் விவரமறியாச் சிறுவனும் வண்டியேறுவதற்குத் தனிக் காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மாடு பார்த்தலும், பேரம் கேட்டலும், தாம்புக்கயிறும் கழுத்துமணியும் வாங்குதலும், திரும்பும் வழியில் நுங்கும் பதநீரும் அருந்துதலும் ஆகிய இவையே அவர்கள் அறிந்த சுற்றுலா. இன்றும் எல்லையிலுள்ள வேலந்தாவளத்துக் காய்கறிச் சந்தை இரு ராஜ்யத்து விவசாயிகளையும் ஓரிடத்தில் கூட்டிவைக்கிறது.

மூன்றாவது அழைப்பு தெய்வத்தினுடையது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்குப் போவது இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வந்த கடமை. கால்நடையாகவும் கூண்டு வண்டியிலும் பல நாட்கள் நடந்த அந்த யாத்திரையின் தன்மையை மாற்றியது ரயில். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915-இலும், திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு 1928-இலும், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு 1932-இலும் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், கிணத்துக்கடவிலோ பொள்ளாச்சியிலோ ரயிலேறினால் சண்முகநாதனைத் தரிசித்து விரைவில் வீடு திரும்புவது சாத்தியமாயிற்று. ஒரு நாள் பிரயாணம் என்ற எண்ணமே இம்மக்களின் வாழ்க்கையில் அப்பொழுதுதான் வேரூன்றியது என்று சொல்லலாம். கிழக்கே இன்னும் அருகில், ஆனைமலையில் உப்பாற்றங்கரையில் படுத்த திருக்கோலத்தில் காட்சி தரும் மாசாணியம்மன், நீதி வேண்டி மிளகாய் அரைத்துப் பூசும் வழிபாட்டால் சுற்றுவட்டாரம் முழுவதையும் தன்பால் ஈர்த்தாள். தை அமாவாசையில் கொடியேறி மாசியில் குண்டம் இறங்குவதோடு நிறைவுறும் அவள் திருவிழா, வறண்ட காலத்தின் தொடக்கத்தில் ஜனங்களை ஆற்றங்கரைக்கு அழைக்கும் விழாவாகவும் அமைந்தது.

உப்பாற்றைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு ஓடும் ஆழியாறு எல்லையைக் கடந்ததும் சித்தூர்ப்புழையாகிறது. சோகநாசினி என்ற அழகிய பெயரும் அதற்கு உண்டு. மலையாள இலக்கியத்தின் பிதாமகராகப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்த குருமடம் அதன் கரையிலேயே இருக்கிறது. அதே சித்தூரில், மாசி மாதத்தில் பகவதி கோவிலைச் சார்ந்து நடைபெறும் கொங்கன்படை என்னும் விழா, கொங்கு நாட்டு அரசன் ஒருவன் படையெடுத்து வந்ததையும் தேவி அவனை வென்றதையும் போரோலை வாசித்தும் போர் நடித்தும் காட்டுவது. ஒரு காலத்துப் பகைமையின் நினைவு, பின்வந்த தலைமுறையினர்க்கு இரு மொழியாரும் கூடிக் களிக்கும் திருநாளாக மாறியது, எல்லைப்புறத்து வாழ்க்கை மனிதருக்குக் கற்பித்த பெரும் பாடம்.

எல்லை என்று சொன்னதும் இப்பகுதியின் அரசியல் வரலாற்றை நினைவுகூர வேண்டியிருக்கிறது. சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்ததாயினும், சமஸ்தானத்தின் ஏனைய பகுதிகளிலிருந்து பிரிந்து, மேற்கே மலபார் ஜில்லாவும் கிழக்கே கோயமுத்தூர் ஜில்லாவுமாகப் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளால் சூழப்பட்டுக் கிடந்தது. கொச்சி, திருவாங்கூர், பிரிட்டிஷ் இந்தியா ஆகிய மூன்றுக்கும் இடையே 1865-இல் ஏற்பட்ட வர்த்தக உடன்படிக்கை சுங்கத் தடைகளைத் தளர்த்தியது. ஆனாலும் வடகரப்பதியான் எந்தத் திசையில் வண்டி பூட்டினாலும் அன்னிய ஆட்சிப் பகுதிக்குள்ளேதான் போய்ச் சேர்ந்தான். பாலக்காட்டுக் கோட்டையைப் பார்க்கச் சென்றாலும் கல்பாத்தித் தேரைக் காணச் சென்றாலும் அது பிற ராஜ்யப் பிரவேசமே. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. அரசுகள் வரைந்த கோடுகளைக் காட்டிலும் ஆறும் சந்தையும் கோவிலும் வகுத்த வழிகளே அவனுக்கு மெய்யாக இருந்தன.

இந்நிலையில்தான் உல்லாசப் பிரயாணம் என்ற புதிய வழக்கம் பிறந்தது. மலபார் சென்னை ராஜ்யத்தின் பகுதியாக இருந்தபோது, கல்பாத்திப் புழையின் உபநதியொன்றில் 1949-இல் தொடங்கிய மலம்புழை அணையை, 1955 அக்டோபர் 9-ஆம் தேதி சென்னை முதலமைச்சர் காமராஜர் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டே மொழிவழி ராஜ்யங்கள் அமைந்து மலபாரும் சித்தூரும் ஒரே கேரளத்தின் அங்கங்களாயின. அணையை ஒட்டிப் பூந்தோட்டம் எழுந்தது. 1969-இல் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் வடித்த யக்ஷி அங்கே வந்து அமர்ந்தாள். சந்தை, நேர்த்திக்கடன், நோம்பி ஆகிய எதுவும் காரணமாக இல்லாமல், வெறுமனே பார்த்து மகிழ்வதற்காகக் குடும்பத்தோடு பஸ் ஏறிச் செல்லும் இடமாக இவ்வட்டாரத்துப் பல வீட்டாருக்கும் முதலில் வாய்த்தது மலம்புழையே. கிழக்கே ஆழியாறு அணையும் அதன் பூங்காவும் குரங்கு அருவியும் அதே பதவியை அடைந்தன. பண்டைய உலாக்களைப் போலவே இவையும் நீரை நோக்கியவை என்பதைக் கவனிக்க வேண்டும். வடிவம் மாறியதேயன்றி வேட்கை மாறவில்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. முற்காலத்தவர் ஆற்றங்கரைக்குச் சென்றபோது அது தம் நீர் என்று அறிந்து சென்றார்கள். பூவை நீரில் விட்டது அந்த உறவின் அடையாளம். ஆழியாற்றுக் கரையில் இன்று படம் எடுத்துக்கொள்ளும் எல்லைப்புறத்து இளைஞன், அந்நீரில் தன் தாலுகாவுக்கு உள்ள பங்கை அறிந்திருப்பானா? பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டம் பற்றித் தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29-இல் கையெழுத்திட்டு, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொண்ட ஒப்பந்தத்தின்படி, சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி நீர், மணக்கடவு அணைக்கட்டில் அளக்கப்பட்டுக் கேரளத்துக்குள் வர வேண்டும். அங்கிருந்து மூலத்தறையில் தேக்கப்பட்டுக் கால்வாய்களில் பிரியும் அந்நீரே தென்னந்தோப்பையும் நெல்வயலையும் காக்கிறது. கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் மேலும் மேலும் ஆழமாகத் துளைக்கப்பட்டதன் விளைவாக, சித்தூர் வட்டாரம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கும் பகுதியென மத்திய நிலத்தடி நீர் வாரியத்தால் வகைப்படுத்தப்பட்டது. வாரியத்தின் அறிக்கை வரும் முன்பே, கோடையில் குடிநீர் லாரியை எதிர்பார்த்து நிற்கும் தெருக்கள் அச்செய்தியை அறிவித்துவிட்டன.

ஆகையால் இவ்வூர்ப் பள்ளிகளும் பெற்றோரும் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டென்று கருதுகிறேன். ஆண்டுக்கொரு முறை குழந்தைகளை மலம்புழைக்கு அழைத்துச் செல்லட்டும், அதற்குக் குறைவில்லை. ஆனால் மற்றொரு நாளில், கட்டுச்சோற்றுடன், மணக்கடவுக்கும் மூலத்தறைக்கும் அவர்களை இட்டுச் செல்ல வேண்டும். மலையில் பெய்த மழை எவ்வாறு அளக்கப்படுகிறது, எந்த மதகு எந்தக் கால்வாய்க்குத் திறக்கிறது, தம் ஊர் எந்தக் கால்வாயின் கடைமடையில் நிற்கிறது என்பதை அவர்கள் நேரில் காண வேண்டும். பூப்பறிக்கும் நோம்பியை ஏற்படுத்திய முன்னோர், விளையாட்டையும் நீரின்மேல் வைத்த பக்தியையும் ஒரே பகலில் பிள்ளைகளுக்குப் புகட்டினார்கள். அவ்விரண்டையும் மீண்டும் இணைக்கும் ஆசிரியர்கள், பாலையின் விளிம்பில் வாழும் ஒரு தலைமுறைக்கு நீரைப் பங்கிட்டு வாழும் அறிவை அளித்தவர்களாவார்கள்.