மரநாய் விதைக்கும் காடு

வால்பாறைப் பகுதியில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சிறு மழைக்காட்டுத் துண்டு ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலை நேரத்தில் நடந்துகொண்டிருந்தேன். வீழ்ந்து கிடந்த மரமொன்றின் மீது, ஈரம் காயாத எச்சம் தென்பட்டது. அது முழுக்கக் கொட்டைகள். ஏதோ பறவையினுடையது என்று நினைத்தேன். உடன் வந்த தோட்டத் தொழிலாளர் சிரித்தார். “பறவை இல்லைங்க, மரநாய். ராத்திரி வந்து போட்டுட்டுப் போயிருக்கு” என்றார்.

மரநாய், நாய் இனத்தைச் சேர்ந்தது அல்ல, பூனையும் அல்ல. விலங்கியலாளர்கள் ஊனுண்ணிகள் என வகுத்த வரிசையில், புனுகுப்பூனையின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு விலங்கு அது. ஊர்ப்புறங்களில் ஓட்டுக்கூரைகளிலும் தென்னை, பனை மரங்களிலும் தங்குவது சாதாரண மரநாய். நான் எச்சத்தைப் பார்த்தது அதன் உறவான பழுப்பு மரநாயினுடையதாக இருக்கக்கூடும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத விலங்கு இது. 1885இல் பிளான்ஃபோர்டு இதை அறிவியல் உலகுக்கு விவரித்து, இயற்கையியலாளர் ஜெர்டானின் பெயரைச் சூட்டினார்.

பழம் தின்னும் ஊனுண்ணி

ஊனுண்ணி வரிசையில் பிறந்தாலும் பழுப்பு மரநாயின் உணவில் மிகப் பெரும்பகுதி பழங்களே. பூச்சிகளும் எலி போன்ற சிற்றுயிர்களும் அதற்குத் துணை உணவுதான். களக்காடு - முண்டந்துறைக் காடுகளில் நடந்த ஆய்வு, ஐம்பதுக்கும் மேற்பட்ட தாவர இனங்களின் பழங்களை அது தின்பதைக் காட்டியது. பகலில் மரப்பொந்துகளிலும் கொடிப்புதர்களிலும், சில வேளைகளில் மலை அணிலின் கூடுகளிலும் உறங்கும். இருட்டிய பிறகு மரத்துக்கு மரம் தாவிப் பழம் தேடும்.

காட்டுக்கு இதனால் என்ன பயன்? தாய்மரத்தின் அடியிலேயே விழும் விதைகளுக்கு வாழ்வு கடினம். அங்கே வெளிச்சம் குறைவு; விதைகளைத் தேடி வரும் எலிகளும் பூச்சிகளும் நோய்களும் அதிகம். மரநாய் பழத்தைச் சதையோடு விழுங்கும். சதை செரித்துவிடும்; விதை பெரும்பாலும் சிதையாமல் வேறோர் இடத்தில் வெளியேறும். சிறு பறவைகளால் விழுங்க முடியாத பெரிய விதைகளைப் பகலில் சுமப்பவை இருவாச்சிகளும் பெரிய காட்டுப் புறாக்களும். இரவில் அந்தப் பணியில் மரநாய்க்குப் பெரும் பங்கு உண்டு. இருவாச்சிகள் அருகிப்போன காட்டுத் துண்டுகளில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது.

நாம் நடுவதை அது விதைக்கும்

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மரநாய்க்கு நாட்டு மரம், அயல் மரம் என்ற பேதம் கிடையாது. தோட்டத்தில் பழுத்த காப்பிப் பழத்தையும் தின்று, அதன் விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடும். ஆனைமலையின் மழைக்காட்டுத் துண்டுகளுக்குள் காப்பிச் செடிகள் களையாகப் பரவியிருப்பதற்கு இத்தகைய விதைப்பரவலும் ஒரு காரணம். குற்றம் விலங்கினுடையது அல்ல. காட்டின் விளிம்பில் நாம் எதை நடுகிறோமோ, அதையே அது உள்ளே விதைக்கிறது.

தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நடப்படும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காற்றில் பறக்கும் அதன் விதையில் மரநாய்க்கு உணவில்லை. அந்த இடத்தில் அத்தியும் நாவலும் நின்றால், தோட்டத்துக்கு நிழலும் காட்டுக்கு விதையும் கிடைக்கும். வால்பாறைப் பகுதியில் நாட்டு மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்துச் சிதைந்த காடுகளை மீட்கும் முயற்சி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. மனிதர் நட்ட கன்று மரமாகிப் பழுத்த பின், அதன் விதையைப் பரப்பும் வேலையை மரநாய் கூலியின்றித் தொடரும்.

ஆனால், அந்த வேலைக்காரரை நாம் வாழவிட வேண்டும். பொந்துள்ள முதுமரங்களைப் பட்டுப்போனவை என்று வெட்டும்போது அதன் வீடு போகிறது. மலைச்சாலைகளில் இரவில் விரையும் வாகனங்களில் அது அடிபட்டுச் சாகிறது. போதாததற்கு, மரநாய் தின்று கழித்த கொட்டையில் தயாராகும் காப்பி என்ற ஆடம்பர மோகம். இந்தோனேசியாவில் அதற்காகச் சாதாரண மரநாய்கள் கூண்டில் அடைக்கப்பட்டுக் காப்பிப் பழம் ஊட்டப்படுகின்றன. 1991இல் அந்தக் காப்பியை மேலை நாடுகளுக்கு அறிமுகப்படுத்திய டோனி வைல்டு, பின்னாளில் அதற்கு எதிராகவே பிரசாரம் செய்தார். கூண்டில் இருக்கும் மரநாய் எந்தக் காட்டையும் விதைப்பதில்லை.

புலிக்கும் யானைக்கும் காப்பகங்கள் அமைத்தோம், அது தேவையானதே. ஆனால், அந்தக் காடுகளில் அடுத்த தலைமுறை மரங்கள் முளைப்பதற்கு, நம் கண்ணில் படாத சிறு விலங்குகளும் வேண்டும். நாட்டு நிழல்மரங்களை நடத் தோட்ட நிர்வாகங்களை அரசு ஊக்குவிக்கலாம். காட்டுச் சாலைகளில் இரவு வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். நாம் அந்தக் காப்பியை வாங்காமல் இருக்கலாம். இவை எதுவும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. அன்று மரத்தின் மீது கண்ட கொட்டைகளில் ஒன்றேனும் முளைத்திருந்தால், அந்தக் கன்றை நட்டவர் எவரும் இல்லை. ஓர் இரவில் அவ்வழியே போன மரநாய்தான்.