போக்குவரத்துப் பொருளியல்: பயண நேரத்துக்கு விலை காணும் படிப்பு

காலை 7.30 மணிக்கு முன்னர் நகருக்குள் காரை ஓட்டிச் சென்றால் கட்டணமில்லை. அதற்குப் பின்னர் என்றால் மூன்று வெள்ளி. 1975 ஜூன் 2ஆம் தேதி சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த வட்டார உரிமத் திட்டம் இப்படித்தான் தொடங்கியது. நால்வர் பயணம் செய்த கார்களுக்கு அப்போது விலக்கு இருந்தது.

கட்டுப்பாட்டு நேரத்தில் நகருக்குள் நுழைந்த வாகனங்கள் சுமார் 44 விழுக்காடு குறைந்தன. ஆனால், கட்டுப்பாடு 9.30 மணிக்கு முடிந்ததும் வாகனங்கள் மொத்தமாக உள்ளே வர, நெரிசல் வேறு நேரத்துக்கு இடம் மாறியது. சில வாரங்களிலேயே கட்டுப்பாட்டு நேரம் 10.15 வரை நீட்டிக்கப்பட்டது.

ஒரு கட்டணத்தை விதித்தால் மக்கள் என்ன செய்வார்கள், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று ஆராயும் துறைதான் போக்குவரத்துப் பொருளியல்.

பாலம் ஒன்றின் பயனை எப்படி அளப்பது என்று பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புயி 1844லேயே எழுதினார். ஓட்டுநர் ஒவ்வொருவரும் தமது தாமதத்தை மட்டுமே கணக்கிடுகிறார், பின்னால் வருவோருக்குத் தம்மால் ஏற்படும் தாமதத்தை அல்ல என்பதே நெரிசல் கட்டணத்தின் அடிப்படை வாதம். இதைப் பல்லாண்டுகள் வலியுறுத்திய வில்லியம் விக்ரிக்கு 1996ல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் அவர் காலமானார்.

மாணவர்கள் தவறாமல் படிக்கும் மற்றொரு பெயர் டேனியல் மெக்ஃபேடன். சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1972ல் பார்ட் ரயில் சேவை தொடங்கவிருந்தபோது, வேலைக்குச் செல்வோரில் 15 விழுக்காட்டினர் அதில் பயணம் செய்வர் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. பயணிகளிடம் கருத்தாய்வு நடத்தி, நேரம், செலவு ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்ட அவரது குழு 6.3 விழுக்காடு என்றது. உண்மையில் ஏறியோர் 6.2 விழுக்காட்டினர். மெக்ஃபேடனுக்கு 2000ல் நோபெல் பரிசு கிடைத்தது.

இத்துறையில் மிகவும் சிக்கலான கேள்வி, ஒரு மணி நேரத்தின் மதிப்பு என்ன என்பது. புதிய ரயில் பாதை மிச்சப்படுத்தும் நிமிடங்களை வெள்ளியாக மாற்றினால்தான் அதன் கட்டுமானச் செலவோடு ஒப்பிட முடியும். சம்பளத்தை அளவுகோலாக வைத்தால், மேலாளரின் பத்து நிமிடம் துப்புரவாளரின் பத்து நிமிடத்தைவிட விலை உயர்ந்ததாகிவிடும். வசதி படைத்தோர் வாழும் பகுதிக்கே பாதை போடச் சொல்லும் கணக்கு அது. அதனால்தான் பிரிட்டனில் வேலை சாராத பயணங்களுக்குச் சராசரி மதிப்புகளையே பயன்படுத்துகிறார்கள். எந்த அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது என்பது கணிதம் மட்டும் முடிவுசெய்யும் விஷயமன்று.

சிங்கப்பூரில் 2013 முதல் 2017 இறுதிவரை, காலை 7.45 மணிக்குள் குறிப்பிட்ட நகர நிலையங்களில் இறங்கியோருக்கு ரயில் பயணம் இலவசமாக இருந்தது. வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தவர்களுக்கு அது நல்ல சலுகை. கடை திறக்கும் நேரத்துக்குத்தான் வேலைக்கு வரவேண்டும் என்றிருப்பவருக்கு அதனால் என்ன பயன்? ஆய்வேட்டுக்கு ஏற்ற கேள்வி இது.

இத்துறையில் நுழைய விரும்புவோர் பெரும்பாலும் பொருளியல் அல்லது சிவில் பொறியியல் பட்டத்தின் வழியாகவே வருகின்றனர். புள்ளியியலும் கணிதமும் கைவராமல் இதில் தாக்குப்பிடிப்பது கடினம். முதுநிலைப் படிப்புக்கு பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகப் போக்குவரத்து ஆய்வுக் கழகமும் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் உள்ள போக்குவரத்து, தளவாட ஆய்வுக் கழகமும் பெயர்பெற்றவை.

உள்ளூர் மாணவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. எந்த நிலையத்தில் ஏறி எங்கு இறங்கினார்கள் என்ற பயணிகள் எண்ணிக்கையை, நிலப் போக்குவரத்து ஆணையம் தனது ‘டேட்டாமால்’ தளத்தில் வெளியிடுகிறது. அவர்கள் ஏன் அந்த நேரத்தில் கிளம்பினார்கள் என்பது அதில் இருக்காது. அதற்குக் கருத்தாய்வுப் படிவத்துடன் காலையில் நிலைய வாசலில் நிற்க வேண்டியதுதான்.