திருவள்ளூர் கிராமங்களுக்கு மெதடிஸ்ட் சபை வந்தது எப்படி? ஜெபக்கூடத்துக்கு இடம் தேடியதில் வெடித்த நிலப் பிரச்னை

திருவள்ளூரில் கௌடி மேல்நிலைப்பள்ளி எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். அந்த கௌடி யார் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் 1857ல் பிறந்தவர் வில்லியம் கௌடி. வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரியாக 1882ல் சென்னை வந்தார். திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இவர் பள்ளியும் ஜெபக்கூடமும் கட்டப் போன கதை, பஞ்சமி நிலத்தின் கதையோடு பின்னிக்கிடக்கிறது.

மெதடிஸ்ட் என்றால் யார்?

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய இயக்கம் இது. பெரிய தேவாலயங்கள் கண்டுகொள்ளாத உழைப்பாளி மக்களிடம் வேகமாகப் பரவியது. குறிப்பாக, கார்ன்வால் பகுதியின் சுரங்க கிராமங்களில். அங்கே க்வென்னாப் என்ற இடத்தில், நிலம் உள்வாங்கி உண்டான ஒரு பள்ளத்தில் நின்றுதான் வெஸ்லி பிரசங்கம் செய்வார். சுரங்கத் தொழிலாளிகள் கைக்காசு போட்டு ஊருக்கு ஊர் சின்னச் சின்ன 'சேப்பல்' கட்டிக்கொண்டார்கள். இதே கார்ன்வால் சுரங்கக்காரர்கள் பின்னாளில் கோலார் தங்க வயலுக்கும் வேலைக்கு வந்தார்கள். அங்கே பாதாளத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் வடமாவட்டத் தமிழர்கள் என்பது தெரிந்த விஷயம்தான்.

வெஸ்லியன் மிஷனரிகள் 1814ல் இலங்கையில் இறங்கினார்கள். அங்கிருந்து ஜேம்ஸ் லிஞ்ச் 1817ல் சென்னை வந்தார். ராயப்பேட்டையிலும் பிராட்வேயிலும் கோயில்கள் எழுந்தன.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்துக்குப் பிறகு கிராமங்களில் நிலைமை மாறியது. ஒடுக்கப்பட்ட மக்கள் குடும்பம் குடும்பமாக மிஷன்களைத் தேடி வரத் தொடங்கினார்கள். 1880களில் கௌடி பார்த்த திருவள்ளூர் அதுதான்.

கட்டடம் கட்ட இடம் எங்கே?

கார்ன்வாலில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே இருந்தது. சுரங்கத் தொழிலாளிக்கு சேப்பல் கட்ட காசுதான் பிரச்னை. இங்கே சேரி மக்களுக்குக் காலடி மண்ணே சொந்தம் கிடையாது.

அப்போது திருவள்ளூரும், இன்றைய கும்மிடிப்பூண்டி அடங்கிய பொன்னேரி தாலுகாவும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அங்கே நடைமுறையில் இருந்தது மிராசு முறை. ஊர் நிலத்தில் உரிமை மிராசுதார்களுக்கு. தரிசாகக் கிடக்கும் நிலத்தை வேறு யாராவது கேட்டு மனு போட்டாலும் முதல் உரிமை அவர்களுக்கே. பண்ணையாளின் குடிசை நின்ற மனையையும் மிராசுதார் தன்னுடையது என்பார். கூலி கூடக் கேட்டாலோ, வேறு இடத்துக்கு வேலைக்குப் போனாலோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ 'வீட்டைக் காலி பண்ணு' என்று சொல்லிவிட முடியும். அந்த மிரட்டல் ஒன்றே போதும்.

சேரிக்குள் ஒரு கூரைக் கொட்டகை போடப் போன மிஷனரி இந்தச் சுவரில்தான் முட்டினார். வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, இரண்டுக்கும் அதே கொட்டகைதான். அதற்கு நாலு சென்ட் இடம் வாங்குவதே பெரும்பாடு. சாமி பிரச்னையை விட சர்வே நம்பர் பிரச்னைதான் பெரிதாக இருந்தது என்றே சொல்லலாம்.

ட்ரெமென்ஹீர் அறிக்கை

இந்தப் புகார்களை மிஷனரிகள் அரசிடம் கொண்டுபோனார்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் பக்கம் கௌடி. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891ல் இந்த மக்களின் நிலைமை பற்றி விரிவான அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30ல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. 'அசுரன்' படம் பார்த்தவர்களுக்கு இந்த நிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முக்கிய நிபந்தனை இது: நிலம் பெற்றவர் 10 ஆண்டுகளுக்கு அதை யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டும்தான்.

ஆணை வந்ததால் நிலம் கைக்கு வந்துவிடவில்லை. 1894ல் கௌடி 'தி ஹார்வெஸ்ட் ஃபீல்ட்' என்ற மிஷன் இதழில் இந்த மக்களையும் நிலத்தையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

நூறு ஆண்டு கழித்தும் கதை முடியவில்லை. 1994 அக்டோபர் 10ல், மாமல்லபுரம் அருகே உள்ள காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். தமிழ்நாடு முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் கொடுக்கப்பட்டது என்பது தலித் இயக்கங்கள் சொல்லும் கணக்கு.

ஈக்காடு என்ன ஆச்சு?

திருவள்ளூரை ஒட்டிய ஈக்காடு, இந்த மிஷனின் முக்கிய மையமாக வளர்ந்தது. விடுதியுடன் கூடிய பள்ளி, ஆஸ்பத்திரி, பெண்களுக்கு லேஸ் பின்னும் தொழில் எல்லாம் அங்கே வந்தன. நிலமில்லாத வீட்டுப் பெண் ஊசி நூல் பிடித்து, மிராசுதார் தயவு இல்லாத நாலு காசு சம்பாதித்தது சின்ன விஷயமில்லை. கௌடி 1922ல் காலமானார்.

இன்றைக்கு இங்கே போய் 'மெதடிஸ்ட்' என்ற போர்டைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். 1947 செப்டம்பர் 27ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் உள்ளிட்ட சபைகளோடு வெஸ்லியன் வழி மெதடிஸ்ட்களும் அதில் இணைந்துவிட்டார்கள். அதனால் அந்தப் பழைய கோயில்கள் எல்லாம் இப்போது சி.எஸ்.ஐ. அமெரிக்க வழி வந்த மெதடிஸ்ட் சபை இதில் சேரவில்லை. 'மெதடிஸ்ட்' என்ற பெயரிலேயே தனியாக இயங்குகிறது.

இன்னொரு முரணும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. அந்தஸ்து கிடையாது. அதே சேரியில், அதே தெருவில் இருந்தாலும் மதம் மாறிய குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் பி.சி. சான்றிதழ்தான். இதை மாற்றக் கோரி 2023 ஏப்ரல் 19ல் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய அரசு அதற்கு முன்பே, 2022ல், இந்தக் கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்திருந்தது.