எலும்பின் மேல் ஒரு சவ்வு: ஓர் அறுவைக் கருவியும் ஏடறியாத கைகளும்



இலக்கிய அரங்கில் அறுவைச் சிகிச்சைக் கருவி ஒன்றைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். யார் எதைத் தொடலாம், தொட்டவருக்கு என்ன பெயர், தொடாமலே விலகி நின்றவருக்கு என்ன பெயர் என்ற கேள்விகளோடுதான் தலித் இலக்கியம் எழுந்தது. அந்தக் கேள்விகளை மருத்துவ வரலாற்றிடமும் நாம் கேட்டாக வேண்டும். அதற்கு ஒரு சிறிய கருவியைத் தேர்ந்துகொள்கிறோம். எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை நடக்கும் எந்த அரங்கிலும் அது இருக்கும். அதன் பெயர் பெரியாஸ்டியல் எலிவேட்டர்.

சாண் நீளம்கூட இல்லாத எஃகுக் கருவி அது. கைப்பிடி தடித்திருக்கும், ஈரக் கையுறையில் வழுக்காமலிருக்க வரி போட்டிருக்கும். முனை உளியைப் போலத் தட்டையாகவோ, கரண்டியைப் போலச் சற்று வளைந்தோ இருக்கும். நம் எலும்புகளின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அதற்குப் பெரியாஸ்டியம் என்று பெயர். பல தசைகள் அதன் வழியாக எலும்பைப் பற்றிக்கொள்கின்றன. முறிந்த எலும்புக்குத் தகடு வைக்க வேண்டுமானால் மருத்துவர் கத்தியால் சவ்வைக் கீறுவார். பிறகு இக்கருவியின் முனையை எலும்பை ஒட்டியே நகர்த்திச் சவ்வையும் தசையையும் சேர்த்து மேலே தூக்குவார். முனை எலும்பை விட்டு விலகினால் தசைக்குள்ளோ நரம்புக்குள்ளோ போய்விடும். அதன் ஓரம் மழுங்கியிருந்தால் சவ்வு கிழியும், மிகக் கூர்மையாக இருந்தால் எலும்பைத் தோண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓரத்தைத் தீட்டி வைப்பதில்தான் கருவியின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அந்தச் சவ்வுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அதற்கு 1736க்குப் போக வேண்டும். லண்டனில் ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர், துணிக்கு அச்சடிக்கும் சாயத் தொழில் செய்த ஒருவர் வீட்டில் விருந்துண்டார். இலையில் விழுந்த பன்றிக்கறியின் எலும்பு சிவந்திருந்தது. சாயப் பட்டறையில் மஞ்சிட்டி வேரின் சாயம் ஊறிய தவிட்டைத் தின்று வளர்ந்த பன்றி அது. அந்தத் துணித் தொழில் இங்கிலாந்தில் வளர்ந்ததே இந்தியத் துணிகளைப் பார்த்துத்தான். சோழமண்டலக் கரையில் சாயவேர் கொண்டு சிவப்பேற்றிய சாயக்காரர்களின் துணிகளும் அவற்றில் உண்டு. பட்டறைக் கழிவைத் தின்ற பன்றியின் எலும்பிலிருந்து ஓர் அறிவியல் புறப்பட்டது. சாயம் புதிதாக வளரும் எலும்பில் மட்டுமே ஏறும். இதைக் கேள்விப்பட்ட பிரெஞ்சு அறிஞர் துயமேல் து மோன்சோ, விலங்குகளுக்கு அந்த வேரைக் கொடுத்தும் நிறுத்தியும் பார்த்து, எலும்பு தடிப்பது இந்தச் சவ்வின் பக்கத்திலிருந்துதான் என்று வாதிட்டார்.

நூறாண்டுக்குப் பின் லியோன் நகரில் லூயி ஒல்லியே (1830-1900) அந்த வாதத்தை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார். முயலின் சவ்வை எடுத்து உடலில் வேறிடத்தில் வைத்தார். அங்கே எலும்பு முளைத்தது. 1867இல் எலும்பு மீள்வளர்ச்சி பற்றிய தம் பெருநூலை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். நோயுற்ற எலும்பை எடுக்கும்போது சவ்வைக் காப்பாற்றினால் எலும்பு மீண்டும் வளரும் என்பது அதன் சாரம். கை கால்களை வெட்டி எறிவதே வழியாக இருந்த காலத்தில், உறுப்பைக் காக்கும் வழியை அது திறந்தது. எலும்பைச் சுரண்டப் பயன்பட்ட ருஜீன் என்ற பழைய கருவி, அவர் கையில் சவ்வைச் சேதமின்றித் தூக்கும் கருவியாயிற்று. கிளாஸ்கோவின் வில்லியம் மக்யூவன், எலும்பை வளர்ப்பது சவ்வன்று, எலும்பின் உயிரணுக்களே என்று ஒல்லியேவை மறுத்து 1912இல் நூலே எழுதினார். சவ்வின் உட்படலத்துக்கு எலும்பாக்கும் திறன் உண்டு என்பது இன்று தெளிவு. சவ்வை அளவுக்கு மீறி உரித்தால் எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்து முறிவு கூடத் தாமதமாகும் என்பதால், தேவையான அளவுக்கு மட்டுமே அதைத் தூக்க வேண்டும் என்றே இன்றைய மருத்துவம் கற்பிக்கிறது.

இக்கருவியின் வகைகளுக்கு உள்ள பெயர்களைக் கவனிப்போம். 1861இல் அண்ணப் பிளவை மூடச் சவ்வோடு சேர்த்து அண்ணத்தின் மேற்படலத்தைத் தூக்கிய பெர்லின் மருத்துவர் லாங்கன்பெக்கின் பெயரில் ஒன்று. மூக்கின் நடுச்சுவரைச் சீர்செய்த சிகாகோவின் ஃப்ரீயர் பெயரில் ஒன்று. முதுகெலும்பு வளைவை அளக்கும் முறையை 1948இல் வெளியிட்ட நியூயார்க்கின் காப் பெயரில் ஒன்று. ஃபராபெஃப், ஹோவார்த் என்று பட்டியல் நீளும். எல்லாம் கருவியைப் பிடித்தவர்களின் பெயர்கள். கருவி செய்தவர்களில் பெயர் நிலைத்தவர் மிகச் சிலர். பாரிஸின் ஷாரியேர் அவர்களுள் ஒருவர். கத்தி செய்யும் தொழில் கற்ற அவருடைய பெயர், உடலுக்குள் செலுத்தும் குழாய்களின் பருமனைக் குறிக்கும் அளவாக இன்றும் வழங்குகிறது. ஆனால் அவர் பட்டறை முதலாளி. அவரிடம் வேலை பார்த்தவர்களின் பெயர் எந்த அளவிலும் இல்லை.

இந்திய வரலாற்றுக்கு வருவோம். சுசுருத சங்கிதை 101 மழுங்கிய கருவிகளையும் 20 கூரிய கருவிகளையும் கணக்கிடுகிறது. கருவிகளுக்கெல்லாம் தலையானது கை என்றும் கூறுகிறது. நல்ல இரும்பில், தொழில் தேர்ந்த கொல்லனைக் கொண்டு கருவி செய்விக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. பிணத்தை ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, தோலை மெல்லத் தேய்த்தெடுத்து உள்ளுறுப்புகளைக் கண்ணால் காண வேண்டும் என்று மாணவனுக்குச் சொல்கிறது. ஆக, கையும் கொல்லனும் பிணமும் இல்லாமல் அறுவை அறிவு இல்லை என்பதை அந்நூல் அறிந்திருந்தது. ஆனால் மனுநூல் மருத்துவன் தரும் உணவைச் சீழுக்கு நிகராக வைத்தது. சிரார்த்த விருந்திலிருந்து அவனை விலக்கியது. வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் 1902இல் வெளியான தம் நூலில், சாதி இறுகி, கைத்தொழில் கீழோருக்குத் தள்ளப்பட்டு, சிந்திப்பவரும் செய்பவரும் பிரிந்ததே இந்நாட்டில் அறிவியல் தேய்ந்ததற்குக் காரணம் என்றார். நாம் சொன்னால் காழ்ப்பு என்பவர்கள் ராய் சொன்னதையாவது கேட்கட்டும்.

ஐரோப்பாவிலும் அறுவை இழிதொழிலாகவே இருந்தது. லண்டனில் 1540 முதல் 1745 வரை முடிதிருத்துவோரும் அறுவையரும் ஒரே சங்கம். பிறகு அறுவையர் பிரிந்து தனிச் சங்கம் கண்டு, காலப்போக்கில் மரியாதைக்குரிய தொழிலாளராயினர். தமிழகத்தில் முடிதிருத்தும் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர். கட்டி கீறியவர்கள் அந்த ஆண்கள், பேறு பார்த்தவர்கள் அந்தப் பெண்கள். பெயரில் மருத்துவம் தங்கியது. மருத்துவக் கல்லூரி வந்தபோது அந்த அறிவுக்கு அங்கே இருக்கை போடப்படவில்லை.

1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலைக் கூறுபோட்டார். சாதித் தடையை மீறிய துணிச்சல் என்று வரலாறு அதைக் கொண்டாடுகிறது. துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த நாட்டில் பிணத்தைத் தூக்கியவர், கழுவியவர், எரித்தவர் யார்? வங்கத்தில் அவர்கள் டோம் சாதியினர். அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொட்டதற்குத் தீட்டு என்று பெயர். உயர்ந்தவர் ஒருவர் ஒரு நாள் தொட்டதற்கு மறுமலர்ச்சி என்று பெயர். வங்க மருத்துவமனைகளில் பிணவறை ஊழியரை இன்றும் டோம் என்ற சாதிப் பெயராலேயே அழைக்கிறார்கள். 2021இல் கொல்கத்தாவில் அத்தகைய 6 பணியிடங்களுக்குப் பொறியியல் பட்டதாரிகள் உட்பட ஏறத்தாழ 8,000 பேர் விண்ணப்பித்தபோது, நாட்டின் வேலையின்மை செய்தியானது. அந்தச் சாதிப் பெயர் செய்தியாகவில்லை. நம் ஊர்ப் பிணவறைகளில் நிற்பவர்கள் யார் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

இனிக் கருவியின் பிறப்பிடத்துக்குப் போவோம். உலக அறுவை அரங்குகளுக்குக் கைக்கருவிகள் போய்ச் சேரும் இரு பெரும் ஊர்கள் ஜெர்மனியின் டுட்லிங்கனும் பாகிஸ்தான் பஞ்சாபின் சியால்கோட்டும். சியால்கோட்டில் இத்தொழில் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அங்கிருந்த அமெரிக்க மிஷன் மருத்துவமனையின் பழுதான கருவிகளை உள்ளூர்க் கொல்லர்கள் செப்பனிட்டார்கள். செப்பனிட்டவர்கள் விரைவில் அதே போல் செய்யவும் கற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசின் தேவை அத்தொழிலை வளர்த்தது. வாளும் குத்துவாளும் அடித்த கைகள் அவை. அந்தக் கைகளின் சொந்தக்காரர்கள் லோஹார்கள். பஞ்சாப் கிராம அமைப்பில் கொல்லர், தச்சர், செருப்புத் தைப்பவர், துப்புரவு செய்பவர் எல்லோரும் கம்மி, அதாவது ஊழியம் செய்பவர் என்ற ஒரே வரிசையில் வைக்கப்பட்டார்கள். அந்த வரிசையிலும் மேல் கீழ் உண்டு. கொல்லர் தீண்டத்தகாதவராக வைக்கப்படவில்லை. வரிசையின் கடைசியில் சூஹ்ரா என்று இழித்து அழைக்கப்பட்ட மக்கள் நின்றார்கள்.

அதே சியால்கோட் மாவட்டத்தில், அதே அமெரிக்க மிஷனின் வரலாற்றில் இன்னொரு பெயர் உண்டு. 1873இல் தித் என்ற ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். சூஹ்ரா சமூகத்தவர், தோல் வாங்கி விற்றுப் பிழைத்தவர், ஒரு கால் ஊனமுற்றவர். திருமுழுக்குப் பெற்ற கையோடு ஊருக்குத் திரும்பி, தம் மனைவியையும் உறவினரையும் அழைத்து வந்தார். அவர் வழியாகப் பல்லாயிரம் பேர் அந்தச் சமூகத்திலிருந்து வெளியேறினார்கள். படித்தவர்களை எதிர்பார்த்துக் காத்திருந்த பாதிரியார்கள் இதை எதிர்பார்க்கவில்லை. தோலையும் எலும்பையும் தொட்டதால் ஒதுக்கப்பட்ட ஒருவர், தம் மக்களுக்கான வழியைத் தாமே கண்டார். தோல் வணிகரான தித்தின் பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணம், மிஷன் ஏடுகள் அதைப் பதிந்து வைத்ததுதான். கருவி செப்பனிட்ட முதல் கொல்லனின் பெயரை இப்படி யாரும் பரவலாகச் சொல்வதில்லை. எழுதி வைத்தால் பெயர் நிற்கும் என்பதற்கு ஒரே மாவட்டத்தில் இரண்டு சான்றுகள்.

இன்றும் அங்கே ஓர் எலிவேட்டர் பல கைகள் மாறித்தான் உருவாகிறது. எஃகைச் சுட்டு அச்சில் அடிப்பவர் ஒருவர். பிசிறு வெட்டுபவர் இன்னொருவர். அரத்தால் உருவம் கொடுப்பவர், பதம் ஏற்றுபவர், சாணை பிடிப்பவர், மெருகேற்றுபவர் என்று வேலை சிறு பட்டறைகளுக்குப் பிரிந்து போகிறது. கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கில். சவ்வு கிழியாமலும் எலும்பு தோண்டப்படாமலும் இருக்கும் அந்த நடுக்கூர்மையை, கண்ணும் விரலும் கொண்டு நிர்ணயிப்பவர் சாணைக்காரர். குரோமியமும் நிக்கலும் கலந்த தூசியைச் சுவாசிப்பவரும் அவரே. 1994இல் தரம் போதாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சியால்கோட் கருவிகளுக்குத் தடை போட்டது. ஊரே திரண்டு தரச் சான்றிதழ்கள் பெற்றது. எஃகின் தரத்துக்காக உலகம் ஒரு நகரத்தையே மாற்ற முடிந்தது. எஃகைத் தீட்டியவரின் நிலைக்காக அப்படி எந்த அழுத்தமும் அப்போது எழவில்லை.

அதை எழுப்பியவர்களில் ஒருவர் அறுவை மருத்துவரே. 2006இல் மஹ்மூத் புட்டா என்ற பிரிட்டிஷ் மருத்துவர், தாம் பிடிக்கும் கருவிகள் எங்கே எப்படிச் செய்யப்படுகின்றன என்று சியால்கோட்டின் குறைகூலியையும் குழந்தை உழைப்பையும் குறித்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதன் பின் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இதற்கென ஒரு குழு அமைத்தது. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையிலும் ஸ்வீடனின் மாகாணக் கொள்முதலிலும் தொழிலாளர் நிலை பற்றிய நிபந்தனைகள் இடம்பெற்றன. வாங்குபவர் கேட்டால் விற்பவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதிலிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை இரண்டு. அரசு மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்கும்போது எஃகின் தரத்தோடு, செய்தவரின் கூலியையும் சுவாசத்தையும் பற்றிக் கேட்கும் நிபந்தனை இங்கும் வர வேண்டும். பிணவறையில் நிற்கும் ஊழியருக்குப் பாதுகாப்பு உடையும் நிரந்தரப் பணியும், சாதிப் பெயரில்லாத ஒரு பதவிப் பெயரும் வேண்டும். இது உரிமைக் கோரிக்கை.

இரண்டாவது, நம்முடைய எழுத்து வேலை. தோல் பதனிட்டவர், சாயம் தோய்த்தவர், சாணை பிடித்தவர், பிணம் கழுவியவர் ஆகியோரின் அறிவை, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வாயால் கேட்டு, பெயரோடும் ஊரோடும் பதிவு செய்ய வேண்டும். இந்த அரங்கில் உள்ள இளைய எழுத்தாளர்கள் ஆளுக்கு ஒரு தொழிலை எடுத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தப் பதிவுகளை வாசிக்கலாம். அந்தப் பெயர்களுக்காக நாம் காத்திருப்போம்.

ஜெய்பீம்.