பெயரில் நிலைத்த தொழில்கள்

வடசென்னையின் வியாபார சரித்திரத்தை அறிய விரும்புகிறவர், பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டப் புகுமுன், வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ இரயில் ஏறி விம்கோ நகர் வரையில் ஒருமுறை பிரயாணம் செய்வது நலம். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் ஒவ்வொரு நிலையத்திலும் அறிவிக்கப்படும் பெயரைச் செவிகொடுத்துக் கேட்டால், எந்தக் காலத்தில் எந்தத் தொழில் இக்கரையை வாழ்வித்தது என்பதும், அத்தொழிலைச் செய்த கைகள் எங்கே குடியிருந்தன என்பதும் ஒருவாறு விளங்கிவிடும்.

1639இல் ஆங்கிலக் கும்பெனியார் சென்னையில் கால் ஊன்றியதற்கு முக்கிய காரணம் துணி. தறியிலிருந்து கஞ்சியும் அழுக்குமாக இறங்கிய துணியை அப்படியே கப்பலேற்ற இயலாது. அதைத் துவைத்து, வெயிலில் விரித்து, வெளுத்து, மடித்துக் கட்டிய பின்னரே அது சீமைக்குப் போகும் சரக்காயிற்று. இதற்குத் தண்ணீரும் திறந்தவெளியும் வேண்டியிருந்தமையால், கோட்டைக்கு வடக்கே வெளுப்பவர்கள் குடியமர்ந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. இன்னும் வடக்கே திருவொற்றியூரின் எல்லையில் இருக்கும் காலடிப்பேட்டையின் பெயரைக் கேட்போர், ஏதோ ஒரு மகானின் காலடி பட்ட தலம் என்று கருதக்கூடும். உண்மையில் அது 1717 முதல் 1720 வரையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்பவரின் பெயர். நெசவாளரையும் துணியில் சாயச் சித்திரம் தீட்டுவோரையும் குடியேற்றி அவர் உண்டாக்கிய காலட்பேட்டையே, மக்கள் நாவில் புரண்டு புரண்டு காலடிப்பேட்டையாயிற்று. தறிகளின் ஓசை அடங்கிய பிறகும் ஊர்ப்பெயர் அடங்கவில்லை.

வெளுத்த துணி கரைக்கு வந்துவிட்டாலும் கப்பலை எட்டுவது எளிதாக இல்லை. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது; கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, இடையே ஓயாமல் மடியும் பேரலைகளைக் கடந்து மூட்டைகளையும் மனிதரையும் கொண்டுசேர்த்தவை மசூலாப் படகுகள். இரும்பாணி ஒன்றும் அடிக்காமல், பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, தென்னங்கயிற்றால் தைத்து இணைக்கப்பட்ட அப்படகு, அலையின் அறைதலைத் தாங்கி வளைந்து கொடுத்தது. ஆணி அறைந்த சீமைப் படகோ அதே அடியில் சிதறிப் போயிற்று. துணைக்குக் கட்டுமரக்காரர்கள் உடன் சென்று, கடலில் தவறி விழுந்தோரை மீட்டனர். இத்தொழிலைச் செய்த கத்தோலிக்கப் படகோட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுப்பிய இராயப்பர் ஆலயம் இன்றும் இராயபுரத்தில் இருக்கிறது. இராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழில் வழங்கும் பெயர். பேதுருவும் ஒரு மீனவரே என்பதால், கடலை நம்பி வாழ்ந்தவர்கள் அவரைத் தங்கள் காவலராகக் கொண்டது இயல்பே.

அந்த இராயபுரத்துக்கு 1856ஆம் ஆண்டு ஒரு பெருமை வந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் தேதி, தென்னிந்தியாவின் முதல் பிரயாணி இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரையில் ஓடிற்று. உயர்ந்த தூண்களோடு விளங்கும் அந்நிலையம், நம் தேசத்தில் இன்றும் நிற்கும் இரயில் நிலையங்களுள் மிகப் பழமையானதாகும். ஆயினும் 1873இல் சென்ட்ரலும், 1908இல் எழும்பூரும் எழுந்த பிறகு பிரயாணிகளின் வரவு தெற்கே திரும்பிற்று. 1861இல் கடலுக்குள் கட்டப்பட்ட இரும்புப் பாலமும், 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தும் மீண்டும் கட்டி முடிக்கப்பட்ட துறைமுகமும் மசூலாப் படகுக்காரர்களின் பிழைப்பைச் சிறிது சிறிதாக மாற்றிவிட்டன. பழைய தொழில் தளர்ந்தபோது கரையின் மக்கள் ஊரை விட்டு ஓடவில்லை. புதிய தொழில் எது வந்தாலும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொழிற்சாலைகளுக்குத் திருவொற்றியூரும் எண்ணூரும் இடமளித்தமைக்கு இதுவும் ஒரு காரணம். துறைமுகமும் இரயிலும் அருகிலிருந்தன, உழைக்கத் தெரிந்த மக்களும் இருந்தனர். 1923இல் சுவீடன் தேசத்தாரின் முதலீட்டில் தோன்றிய தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கப் பெயரே விம்கோ. அதன் ஆலை இருந்த பகுதிதான் இன்று மெட்ரோ நிலையத்தின் பெயராக ஒலிக்கிறது. 1946இல் மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்ததே எம்.ஆர்.எஃப். டயர் ஸ்தாபனம். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்து, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அடுத்த ஆண்டு, 1956இல், திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் உருவாகத் தொடங்கிற்று. நெசவுக்கும் சாயத்துக்கும் பேர்போன கரை, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் எஞ்சினுக்கும் ரப்பருக்கும் பேர்பெற்றது.

இந்த அபிவிருத்தியின் விலையையும் அதே கரைதான் கொடுத்தது. முன்னொரு காலத்தில் உப்பு மூட்டைகளை ஏற்றி வந்த கால்வாய் எண்ணூர்க் கழிமுகத்தோடு கலக்கிறது. அந்தக் கழிமுகம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலத்தால் கறுத்துப்போனது. அலையாத்தி மரங்களின் வேர்களிலும், கரையேற்றி வைத்த படகுகளிலும், வலைகளிலும் அந்த எண்ணெய் படிந்தது. எண்ணூர்க் குப்பங்களின் மீனவர்கள் பல நாள் கடலுக்கும் கழிக்கும் போக முடியாமல் நின்றனர். மசூலாப் படகோட்டிகளுக்குக் கரையும் கடலும் எவ்வளவு அவசியமோ, அதே அவசியம் இன்றைய மீனவருக்கும் இருக்கிறது என்பதைத் திட்டம் வகுப்போர் சிந்திக்க வேண்டும்.

வெளுத்தவரும் நெய்தவரும் படகு தள்ளியவரும் ஆலையில் நின்றவரும் உண்டாக்கிய செல்வத்தினால் இந்நகரம் வளர்ந்தது. அவர்களுக்கு ஊர் செய்த மரியாதை பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது. மெட்ரோவும் துறைமுக விஸ்தரிப்பும் வரட்டும். அவற்றோடு சுத்தமான கழிமுகமும், அவ்வூர் இளைஞர்க்கு நிலையான வேலையும் வந்து சேர வேண்டும். காலடிப்பேட்டையில் இறங்கும் அடுத்த பிரயாணி, அப்பெயருக்குரிய நெசவாளரை ஒரு கணமாவது நினைத்துக்கொள்வாராக.