மாயப் புனைவில் கறுப்பினப் பாத்திரங்கள்

ஃபேன்டஸி எனப்படும் ஆங்கில மாயப் புனைவில் கறுப்பினத்தவர் நெடுங்காலம் நாயகன் வெட்டிச் சாய்க்கும் கும்பலாகவே வந்துபோயினர். 1930களில் ‘வியர்டு டேல்ஸ்’ இதழில் ராபர்ட் இ. ஹோவர்டு கோனன் என்ற வீரனை வைத்து எழுதிய கதைகள் பலவற்றில் இதைக் காணலாம். விறுவிறுப்பில் அவரை மிஞ்சியவர் குறைவு என்பதால் பின்வந்தோரும் அதே வழியில் போனார்கள்.

அக்கதைகளைப் படித்து வளர்ந்து, அவற்றோடு மல்லுக்கு நின்றவர் சார்லஸ் சாண்டர்ஸ். பென்சில்வேனியாவில் பிறந்து கனடாவில் குடியேறிய கறுப்பின எழுத்தாளர். ஆப்பிரிக்கத் தொன்மங்களைக் கொண்டு நியும்பானி என்ற கண்டத்தைப் படைத்து, அதில் இமாரோ என்ற வீரனை உலவவிட்டார். 1981இல் ‘இமாரோ’ வெளிவரும் வேளையில் பதிப்பகம் அட்டையில் ‘கறுப்பு டார்சான்’ என்று விளம்பரம் செய்ய, டார்சான் உரிமையாளர்கள் வழக்கு என்று மிரட்ட, அட்டை மாற்றி அச்சிடுவதற்குள் விற்பனைக் காலம் நழுவியது. வெள்ளை நாயகனான டார்சானுக்குப் பதிலடியாகப் பிறந்த இமாரோவை டார்சான் பெயரிலேயே விற்கப் பார்த்தவர்கள் நூலைப் படித்தார்களா என்பதே ஐயம்.

எழுத்தில் இருந்த நிறம் அட்டையிலும் திரையிலும் வெளுத்துப்போனதும் உண்டு. உர்சுலா லெ குவின் 1968இல் தொடங்கிய ‘எர்த்சீ’ வரிசையில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறம். தோழன் வெட்ச் நல்ல கறுப்பு. பல பதிப்புகளின் அட்டையில் கெட் வெள்ளையனாகவே நின்றான். 2004 தொலைக்காட்சித் தொடரிலும் வெள்ளை நடிகரே கெட். லெ குவின் அதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார்.

வாசகர் மனமும் இதே வேலையைச் செய்யும் என்பது 2012இல் ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவல் படமானபோது அம்பலமானது. அது எதிர்காலப் புனைவுதான், ஆனால் அதற்கும் மாயப் புனைவுக்கும் ரசிகர் கூட்டம் ஏறக்குறைய ஒன்றே. நாவலில் சிறுமி ரூவுக்குக் கரும்பழுப்புத் தோல் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. படத்தில் அமாண்ட்லா ஸ்டென்பெர்க் அவளாக வந்ததும் ட்விட்டரில் சிலர் கொதித்தனர். கதையில் அவள் சாவு இனித் தங்களை அவ்வளவாக உருக்கவில்லை என்றுகூட எழுதினர்.

விருதுகளிலும் மாற்றம் வந்தது. 2011இல் உலக ஃபேன்டஸி விருது பெற்ற கறுப்பின எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர், கறுப்பினத்தவரை இழித்து எழுதிய திகில் கதாசிரியர் லவ்கிராஃப்டின் தலைச்சிலையே தமக்குப் பரிசாக வந்ததைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். 2015இல் அந்தச் சிலை கைவிடப்பட்டது. 2016 முதல் 2018 வரை சிறந்த நாவலுக்கான ஹ்யூகோ விருதைக் கறுப்பின எழுத்தாளர் என்.கே. ஜெமிசின் தொடர்ந்து மூன்று முறை வென்றார். அதற்குமுன் எவரும் அதைச் செய்ததில்லை.

2022இல் ‘ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரில் கறுப்பின நடிகர் லென்னி ஹென்றி ஹார்ஃபூட் பிரிவு முதியவராக நடித்தபோது, டோல்கீனின் உலகைச் சிதைத்துவிட்டார்கள் என்று ஒரு சாரார் குமுறினர். அவ்வுலகின் குள்ள மனிதர்களான ஹாபிட்டுகளில் ஹார்ஃபூட் பிரிவினரே கூடுதல் பழுப்பு நிறத்தவர் என்பது ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முன்னுரையில் டோல்கீனே எழுதிவைத்த செய்தி.