வீட்டுக்குள் வந்த வெள்ளித்திரை: கீற்றுக் கொட்டகையிலிருந்து மைக்ரோ எல்இடி சுவர் வரை

மைக்ரோ எல்இடி சுவர் என்பது, மிக நுண்ணிய ஒளியுமிழ் டையோடுகளை ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பதித்த பலகைகளை, தரையில் ஓடு பதிப்பதுபோல் ஒன்றோடொன்று இணைத்து உருவாக்கும் திரையாகும். இதற்குத் தனியாக ஒளிவீழ்த்தி வேண்டாம், பின்னொளி வேண்டாம், புள்ளிகளே ஒளிரும். 2019 டிசம்பரில் சாம்சங் நிறுவனம் ‘தி வால்’ என்ற பெயரில் இத்திரையை இந்தியாவில் வீடுகளுக்கென அறிமுகம் செய்தது. 146, 219, 292 அங்குலம் என மூன்று அளவுகள். விலை மூன்றரைக் கோடி ரூபாய் முதல் 12 கோடி ரூபாய் வரை.

இதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 2006 செப்டம்பர் 15 அன்று, தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அப்பெட்டியின் அளவு 14 அங்குலம். பரப்பளவில் பார்த்தால் 292 அங்குலத் திரை அதைப்போல ஏறக்குறைய 400 மடங்கு. இந்த இரண்டு திரைகளும் ஒரே தலைமுறைக்குள் ஒரே மாநிலத்துச் சந்தையில் இருந்தவை. திரை யாருடையது, அதன்முன் யார் யார் சேர்ந்து உட்காருகிறார்கள் என்ற கேள்வி தமிழகத்தில் நூறாண்டுக்கும் பழையது. மைக்ரோ எல்இடி சுவரின் வரலாற்றையும் அந்தக் கேள்வியோடு சேர்த்துப் படிப்பதே பொருத்தம்.

பொதுவில் இருந்த திரை

தமிழகத்தில் திரை முதலில் யாருடைய வீட்டிலும் இல்லை. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் துபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் இயேசுவின் வாழ்க்கை குறித்த படச்சுருளையும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தபின் படம் பேசத் தொடங்கியது. பேச்சு வந்ததும் திரையின் அமைப்பே மாறியது: ஒலிபெருக்கியைத் திரைக்குப் பின்னால் வைத்து, ஒலி வெளிவர ஏதுவாகத் துணியில் நுண்துளைகள் இட்டார்கள். இந்தத் துளைகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம், பிறகு தேவைப்படும்.

நகரங்களில் கட்டட அரங்குகள் பெருகின. சிற்றூர்களுக்கோ டூரிங் டாக்கீஸ்தான். திண்டிவனம், மயிலம், வானூர் பக்கத்துக் கிராமங்களின் பெரியவர்களிடம் கேட்டால், கீற்றுக் கொட்டகை, தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தது, ஒற்றைப் படக்கருவி என்பதால் சுருள் மாற்றும் இடைவேளைகள் என வரிசையாகச் சொல்வார்கள். அங்கேயும் சமத்துவம் முழுமையாக இருந்ததில்லை. தரைக்கும் நாற்காலிக்கும் இடையே காசும், பல ஊர்களில் சாதியும் இருந்தன. ஆனால் எல்லோரும் பார்த்தது ஒரே திரை.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. கிராமங்களில் பஞ்சாயத்து அறையில் பூட்டி வைத்த ஒரே பெட்டி, மாலையில் திறக்கப்படும். கூடாரத்தின் வேலையை இந்தப் பெட்டி சிறிது காலம் செய்தது. அடுத்து வந்தது ‘டெக்’. 1980களில் தொலைக்காட்சியையும் வீடியோ கேசட் கருவியையும் வாடகைக்கு எடுத்து, திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என எந்த நிகழ்ச்சியானாலும் விடிய விடிய மூன்று படம் போடுவது வழக்கமாயிற்று. வீட்டுத் திண்ணை முதன்முறையாகத் திரையரங்கானது இப்போதுதான். அரங்க உரிமையாளர்களின் வருமானத்தில் இது கைவைக்கும் என்பதை அரசு விரைவிலேயே உணர்ந்தது. தொலைக்காட்சித் திரையில் வீடியோ கேசட் வழியாகப் படங்களைப் பொதுவில் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

2006ஆம் ஆண்டின் இலவசத் திட்டம் பொதுத்திரையின் காலத்தை முடித்துவைத்தது எனலாம். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. இத்தகைய வாக்குறுதிகள் தேர்தல் முறைகேடா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013 ஜூலையில், அவை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று தீர்ப்பானது. அரசியல் எப்படியிருந்தாலும், கூரை வீட்டிலும் சொந்தத் திரை வந்தது அப்போதுதான். பஞ்சாயத்து அறைகள் காலியாயின.

‘ஹோம் தியேட்டர்’ என்ற சொல்

ஹோம் தியேட்டர் என்றால் தமிழகத் தெருவழக்கில் பல ஆண்டுகள் திரையைக் குறிக்கவில்லை. ஒலிபெருக்கித் தொகுப்பையே குறித்தது. சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கிச் சேர்த்த 5.1 ஆம்ப்ளிஃபயரும், மரப்பெட்டியில் அடைத்த ஊஃபரும் சேர்ந்ததே நடுத்தர வீட்டின் ஹோம் தியேட்டர். படம் 21 அங்குலப் பெட்டியில் ஓடும். இடி மட்டும் அரங்கில் இடிப்பதுபோல் இடிக்கும். காதுக்கு அரங்கை வீட்டுக்குக் கொண்டுவருவது மலிவு, கண்ணுக்குக் கொண்டுவருவது விலை அதிகம் என்பதே காரணம். வசதியுள்ளவர்கள் ஒளிவீழ்த்தியும் வெண்திரையும் வைத்தார்கள். அதற்கு அறையை முற்றிலும் இருட்டாக்க வேண்டும். வெள்ளைத் துணியில் கறுப்பு என்பது ஒளி இல்லாத இடம் மட்டுமே, சன்னல் திறந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும்.

நீலத்துக்குக் காத்திருந்த காலம்

மின்சாரம் பாயும்போது சில படிகங்கள் ஒளிர்வதை ஆங்கிலேயப் பொறியாளர் ஹென்றி ரவுண்ட் 1907இல் பதிவு செய்தார். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் டையோடை நிக் ஹோலோன்யாக் 1962இல் உருவாக்கினார். சிவப்பும் பச்சையும் கைக்கு வந்தபின்னும் நீலம் வரவில்லை. நீலமின்றி வண்ணப்படம் இல்லை. காலியம் நைட்ரைடு படிகத்தைப் பழுதின்றி வளர்க்க ஜப்பானில் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகியோர் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல டையோடு சந்தைக்கு வந்தது. மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மைதானங்களிலும் சாலைச் சந்திப்புகளிலும் உள்ள முழுவண்ண எல்இடி பலகைகள் எல்லாம் இதற்குப் பின் வந்தவை.

டையோடைக் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறிதாக்கும் முயற்சியை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாங்சிங் ஜியாங், ஜிங்யு லின் ஆகியோர் 2000ஆம் ஆண்டையொட்டி மேற்கொண்டனர். சோனி 2012 ஜனவரியில் 55 அங்குல மாதிரித் திரையைக் காட்டியது. அதில் சுமார் 62 லட்சம் டையோடுகள் இருந்தன. விற்பனைக்கு அது வரவில்லை. 2017இல் சியோலின் லோட்டே அரங்கில் ஒளிவீழ்த்தியே இல்லாத எல்இடி திரை நிறுவப்பட்டது. 2018இல் சாம்சங் 146 அங்குலச் சுவரைக் காட்சிப்படுத்தியது. 2021இல் எல்ஜி நிறுவனமும் 325 அங்குலம் வரையிலான வீட்டுத் திரைகளை அறிவித்தது.

ஓஎல்இடி திரையிலும் புள்ளிகள் தாமே ஒளிர்கின்றனவே, பிறகு இது எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஓஎல்இடியில் ஒளிர்வது கரிமச் சேர்மம். அதிகம் ஒளிரவைத்தால் விரைவில் தேயும். மைக்ரோ எல்இடியில் ஒளிர்வது கனிமப் படிகம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் உள்ள கல்மரப் பூங்காவை இதற்கு உவமையாகச் சொல்லலாம். சாதாரண மரம் மட்கிப் போகும். அங்குள்ள மரங்களின் கரிமப் பொருள் இருந்த இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டதால், சுமார் 2 கோடி ஆண்டுகள் கழித்தும் வளையங்கள் தெரியக் கிடக்கின்றன. உவமையை நீட்டக்கூடாது, டையோடு கோடி ஆண்டு ஒளிராது. ஆனால் கரிமத்துக்கும் கனிமத்துக்கும் உள்ள ஆயுள் வேறுபாடு புரிந்துவிடும்.

ஏன் பலகை பலகையாக?

விலையின் மர்மம் இங்கேதான். 4கே திரையில் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் படப்புள்ளிகள். ஒவ்வொன்றிலும் மூன்று டையோடுகள் என்றால் ஏறத்தாழ இரண்டரைக் கோடி. அவற்றை வளர்த்த படிகத் தட்டிலிருந்து எடுத்து, இடம் பிசகாமல் பலகையில் பதிக்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒன்று மட்டுமே பழுதானாலும் திரையில் 25 செத்த புள்ளிகள் நிற்கும். கோடிகள் கொடுத்தவர் அதில் ஒன்றைக்கூடப் பொறுக்கமாட்டார்.

ஒரே கண்ணாடியில் இவ்வளவையும் பதித்துவிட்டு, ஒரு மூலையில் பழுது கண்டால் முழுவதையும் எறிய நேரும். எனவே சிறு பலகைகளாகச் செய்து, சோதித்து, நல்லதை மட்டும் சேர்க்கிறார்கள். 146 அங்குலச் சுவரில் 960 × 540 புள்ளிகள் கொண்ட பெட்டிகள் நான்குக்கு நான்காக 16. 292 அங்குலத்தில் 64. புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 0.84 மில்லிமீட்டர். லிஃப்டிலும் மாடிப்படியிலும் ஏற்றிச் செல்லவும் இதுவே வழி. மூன்றேகால் மீட்டர் அகலக் கண்ணாடியை எந்த அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைப்பது?

பலகை முறைக்கு அதன் தலைவலியும் உண்டு. இரு பலகைகளின் இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் கருங்கோடு விழும்; நெருக்கம் கூடினால் வெண்கோடு விழும். ஒவ்வொரு பலகையின் நிறமும் பக்கத்துப் பலகையோடு ஒத்துப்போக அளந்து சரிசெய்ய வேண்டும். சுவர் சமமாக இருக்க வேண்டும். கொத்தனார் பூசிய சுவரை நம்பி நேரே மாட்ட முடியாது, இரும்புச் சட்டம் தேவை. வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டி வேண்டும். பேசும்படம் வந்தபோது துணியில் இட்ட துளைகள் இங்கே இல்லை. பலகை ஒலியை விடாது. ஆகவே ஒலிபெருக்கியைத் திரையின் மேலும் கீழும் பக்கங்களிலும் வைத்து, குரல் நடிகரின் வாயிலிருந்தே வருவதாகக் காதை நம்பவைக்கிறார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தீர்த்த சிக்கல் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது.

அரங்கா, வீடா என்ற சண்டை

2013 ஜனவரியில் கமல்ஹாசன் தம் ‘விஸ்வரூபம்’ படத்தை, அரங்குக்கு வருமுன் டிடிஎச் வழியாக 1000 ரூபாய்க்கு வீடுகளில் காட்டத் திட்டமிட்டார். தமிழக அரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர், திட்டம் நின்றது. (அதே படத்துக்கு அரசு விதித்த தடை வேறு கதை.) 2020 மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானபோதும் அதே எதிர்ப்பு எழுந்தது, கொரோனாவால் அரங்குகள் மூடிக்கிடந்த அந்த நாட்களில் அதைத் தடுக்க முடியவில்லை. நவம்பரில் ‘சூரரைப் போற்று’ வந்தது. முதல் நாள் முதல் காட்சி என்பது வீட்டிலும் நடக்கலாம் என்று ஆனது.

அரங்கு தரப்பின் இறுதி வாதம் எப்போதும் திரையின் அளவும் ஒளியும்தான். மைக்ரோ எல்இடி சுவர் அந்த வாதத்தை, காசுள்ளவர் விஷயத்திலேனும், உடைக்கிறது. அரங்க ஒளிவீழ்த்திகளுக்கு வகுக்கப்பட்ட தர அளவு 48 நிட். வீட்டுச் சுவரின் உச்ச ஒளி 2000 நிட். கறுப்பு வேண்டிய இடத்தில் டையோடு அணைந்தே விடும். ஆறரை மீட்டர் அகலச் சுவர் பல சிறிய அரங்குகளின் திரையை எட்டிப் பிடிக்கிறது. குறைவது ஒன்றுதான்: பக்கத்து இருக்கைக்காரரின் விசில்.

செய்கிற கை

ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை 2007இல் தொடங்கியது. தொலைக்காட்சிகள் அங்கே தயாராகின. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து இளைஞர்களுக்கு அந்தத் தொழிற்பகுதி வேலை தேடிப் போகும் இடம். 2018இல் திரைப்பலகைகள் மீது மத்திய அரசு சுங்கம் விதித்தபின், நிறுவனம் இங்கே தொலைக்காட்சி தயாரிப்பை நிறுத்தி, தடையற்ற வணிக ஒப்பந்தம் உள்ள வியட்நாமிலிருந்து இறக்குமதி செய்தது. பின்னர் சுங்கம் நீக்கப்பட்டது, உற்பத்தியும் திரும்பியது. 2024இல் சங்க அங்கீகாரத்துக்கும் ஊதிய உயர்வுக்கும் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இங்கே செய்யப்படுபவை சாதாரணத் திரைகளே. 2023 ஆகஸ்டில் நாட்டில் விற்பனைக்கு வந்த 110 அங்குல மைக்ரோ எல்இடியின் விலை 1,14,99,000 ரூபாய். முந்தைய சுவரோடு ஒப்பிட்டால் பெரும் வீழ்ச்சி. கேட்பவருக்கு அப்படித் தோன்றாது.

திரும்பவும் திடலில்

பலகைத் திரை பணக்கார வீடுகளில் மட்டும் இல்லை. அதன் முரட்டு உறவினரைத் தமிழகத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்: கட்சி மாநாட்டிலும் கல்யாண மண்டபத்திலும் கோயில் விழாவிலும் வாடகைக்கு வரும் ‘எல்இடி வால்’. திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலில் பௌர்ணமி இரவு ஜோதி காணத் திரளும் கூட்டத்தில் நின்றவருக்கு, முன்னால் உள்ள தலைகளுக்கு மேல் எட்டிப் பார்ப்பதன் பாடு தெரியும். அத்தகைய கூட்டங்களுக்காகவே வாடகைத் திரைத் தொழில் வளர்ந்தது.

வாடகைப் பெட்டிகளில் பரவலாகப் புழங்குவது அரை மீட்டர் சதுரம்; ஒரு பக்கத்துக்கு 128 புள்ளிகள், இடைவெளி 3.9 மில்லிமீட்டர். இதில் முழு 4கே படம் வேண்டுமென்றால் 30 பெட்டிகளை வரிசையாக அடுக்கி 15 மீட்டர் அகலத்துக்குக் கட்ட வேண்டும். வீட்டுச் சுவர் அதையே மூன்றேகால் மீட்டரில் முடிக்கிறது. மற்றபடி முறை ஒன்றுதான். மினி லாரியில் பெட்டிகள் வந்திறங்கும். இரும்புச் சட்டத்தில் கொக்கி மாட்டுவார்கள். மின்கம்பியும் தகவல் கம்பியும் பெட்டிக்குப் பெட்டி தொடரும். நடுவில் ஒரு பெட்டி செத்துப்போனால், பின்னால் ஏறி அதை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டிவிட்டு, பையன் இறங்கி வருவதற்குள் படம் தொடர்ந்துவிடும்.